நாடிவாசல்

தவமணி இருபத்திரண்டாவது முறையாக மஞ்சள் கட்டத்தில் நின்றாள்.

கட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் நான்கடிக்கு நான்கடி ஒட்டிய மஞ்சள் நாடா. தென்பாக்கம் விமான நிலையத்தில் பணியாளர்கள் உள்ளே போகும் வழியில் நாடிவாசலைப் பொருத்தியபோது, மஞ்சள் விளக்கு எரிந்தால் ஆளை எங்கே நிறுத்துவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அவசரத்துக்குக் கையிலிருந்த நாடாவைக் கிழித்து நான்தான் ஒட்டினேன். இரண்டு வருடத்தில் ஒன்பது முறை அதை மாற்றியிருக்கிறேன். வாசலின் வேறெந்தப் பாகமும் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை.

என் பெயர் உலகநாதன். வாசலைச் செய்த நிறுவனத்துக்காக அதைப் பராமரிப்பது என் வேலை. கேமராக்களைத் துடைப்பேன், விளக்குகளை மாற்றுவேன், காலையில் முதல் ஆளாக நானே நடந்து சோதிப்பேன்.

"கைய விரிங்க யக்கா," என்றாள் புஷ்பலீலா. பாதுகாப்புக் காவலர், நாகர்கோவில் பக்கத்துப் பெண். 

"விரிச்சுதானே நிக்கறேன். இப்பல்லாம் தூங்கறப்பகூட இப்படித்தான் படுக்கறேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய? எனக்க கையில இல்லல்லா."

புஷ்பலீலா தவமணியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறு. முந்தின நாளும் புளிச்சோறுதான். மூடியைப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். ஆறு நாற்பத்தொன்று. ஏழு மணிக்குள் தவமணி உள்ளே போய் வருகைப் பதிவுக்கு விரல் வைத்தாக வேண்டும்.

அதே கட்டத்தில் அவளுக்குப் பின்னால் இன்னொருவரும் நின்றார். சரக்கு விமானம் ஓட்டும் கேப்டன் அடேயெமி. நைஜீரியாக்காரர், நாலு வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். தோளில் நாலு தங்கப் பட்டைகள். அவரைச் சோதிக்கும் ஆண் காவலர் இன்னும் வந்திருக்கவில்லை. எங்களைக் கடந்து அலுவலகத்துக்காரர்களும் விமானப் பணிப்பெண்களும் பச்சை விளக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, இடிக்கிற," என்றாள் தவமணி.

"சரி அம்மா," என்று அவர் தமிழிலேயே சொல்லித் தள்ளி நின்றார்.

தவமணி பதினோரு வருடமாக விமானங்களின் உள்ளே கூட்டித் துடைப்பவள். எந்த ஊர் விமானம் என்பதை இருக்கைப் பையில் கிடக்கும் குப்பையை வைத்தே சொல்லிவிடுவாள். அந்த வேலைக்கு ஒரு நுழைவு அட்டை வேண்டும். மூன்று மாதத்துக்குள் இருபத்தைந்து முறை மஞ்சள் விழுந்தால் அட்டை முடங்கிவிடும். காவல்துறை மறுபடி விசாரித்துத் திருப்பித் தர இரண்டு மாதம் ஆகும். ஒப்பந்தக்காரர் இரண்டு நாள்கூடக் காத்திருக்க மாட்டார். அந்த விதி வந்து இருபத்திரண்டு வேலைநாள்தான் ஆகியிருந்தது; மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது வாரம் பாக்கி.

"சார்," என்றாள் தவமணி, டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே. "என் மூஞ்சில அது என்னத்ததான் தேடுது?"

இப்படி யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவளுக்கு நேரமில்லை என்பதையும் மறந்து ஆரம்பித்தேன்.

"இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கறப்பவும் முகத்துக்குக் கொஞ்சம் ரத்தம் ஏறும், இறங்கும். ரத்தம் பச்சை வெளிச்சத்த உறிஞ்சிடும். அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்துலேர்ந்து திரும்பி வர்ற பச்சை ஒரு துளி குறையும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். நீங்க இந்தப் பத்தடி நடக்கறதுக்குள்ள அது உங்க நாடிய எண்ணி முடிச்சிடும்."

"எண்ணி?"

"நூறுக்கு மேல படபடன்னு அடிச்சா, ஏதோ மனசுல வெச்சுக்கிட்டு வர்றாங்கன்னு மஞ்சள் போடும்."

"எனக்கு அப்படியா அடிக்குது?"

"இல்ல. உங்களுக்கு எண்ண முடியலன்னு சொல்லுது."

"எண்ண முடியலன்னா?"

"அதுக்கும் மஞ்சள்தான்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆக, தெரியலன்னாலும் திருடிதான்."

"கருப்புத் தோல் வெளிச்சத்தக் கொஞ்சம் தானே குடிச்சிடும். கேமராவுக்குத் திரும்பி வர்றது குறையும். அதனாலதான் உள்ளூர் முகங்கள காட்டி அதுக்குச் சொல்லிக் குடுத்தோம். ஆயிரத்து இருநூறு பேரு."

"ஆயிரத்து இருநூறு பேருல என் கலர்ல ஒருத்திகூடக் கெடைக்கலியா?"

கிடைத்திருந்தார்கள். அதுதான் எனக்கும் புரியாத இடம். அவளைவிட நான் ஒரு பிடி கருப்பு. தினமும் காலையில் நான் நடந்தால் பச்சைதான் எரியும். அதனால் கோளாறு வாசலில் இல்லை என்று நம்பியிருந்தேன். ரத்தசோகையாக இருக்கும், பஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வருகிற களைப்பாக இருக்கும் என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு மட்டும் இல்லை, துப்புரவுப் பெண்களில் பாதிப் பேருக்கும், மூட்டை ஏற்றுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மஞ்சள் விழுந்தது. எல்லோருக்கும் ரத்தசோகை என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை தவமணி பட்டுப்புடவையில் வந்தாள். அக்கா மகளுக்கு விடியற்காலையில் முகூர்த்தம். தாலி கட்டியதும் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கையில் சீருடைப் பை, தலை நிறையப் பூ. நேரமாகிவிட்டதால் கிட்டத்தட்ட ஓடிவந்தாள். வாசலுக்குள் நடந்தாள். நேரத்தைத் தவிர வேறு நினைப்பில்லாமல், விளக்கைப் பார்க்காமலே கட்டத்தில் போய் நின்று கையை விரித்தாள்.

"யக்கா, பச்சையாக்கும்," என்றாள் புஷ்பலீலா. "போங்க."

"என்னாது?"

"பச்ச. உள்ள போங்க."

தவமணி கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்பதுபோல வேகமாக உள்ளே போனாள்.

வாசலின் பதிவை எடுத்துப் பார்த்தேன். நாடி தொண்ணூற்றாறு. தெளிவாக எண்ணியிருந்தது. ஓடி வந்த தவமணியை எண்ண முடிகிறது, நிதானமாக நடந்து வந்த தவமணியை எண்ண முடியவில்லை. ரத்தமும் தோலும் அதேதான். மாறியது என்ன? புடவை கேமராவின் பார்வையிலேயே வராது. அது முகத்தை மட்டும்தான் வெட்டி எடுக்கும்.

அன்று மதியம், வாசலுக்குச் சொல்லிக்கொடுக்க எடுத்த அந்தப் பழைய பதிவுகளைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் எடுத்தவை. வெளிநாட்டிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி. ஆட்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்பும் உள்ளூர் உதவியாளனாக நான் இருந்தேன். அந்த இரண்டு நாள் வேலையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலையே கொடுத்தார்கள்.

கொத்தனார்கள், மீன் விற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கினேன். ஒரு கொத்தனாரின் நெற்றியில் முடி ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு. ஒரு பெண்ணின் ரவிக்கைக் கழுத்தில் வெள்ளைத் தூள். இன்னொருவர் காதோரம் திட்டாக வெள்ளை. பதிவில் ஒலியும் இருந்தது. யாரோ ஒருவன் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூஞ்சி கழுவிட்டு, பவுடர் போட்டுட்டு வாங்கம்மா. வெளிநாட்டுலேர்ந்து வந்து படம் எடுக்கறாங்க. எண்ணெ வழியற மூஞ்சோட போய் நிக்காதீங்க."

அது என் குரல். மணப்பெண் அறையில் மூன்று பெரிய பவுடர் டப்பாக்களைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்ததும் நான்தான். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் கை தானாகப் போய்விட்டது. அந்தப் பொறியாளர்களும் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊர் முகம் இப்படித்தான் மினுங்கும் என்று நினைத்திருப்பார்கள்.

முகப் பவுடர் என்பது நுணுக்கி அரைத்த ஒரு வகைக் கல். தோலின் மேல் படர்ந்து வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். வாசல் கற்றுக்கொண்டது இதைத்தான்: இந்த ஊர்க் கருப்பு முகம் என்றால் மேலே ஒரு சாம்பல் பூச்சு இருக்கும், அடியில் துடிப்பு மெல்லியதாக இருக்கும், ஆகவே சாம்பல் பூச்சைக் கண்டால் துடிப்பைப் பெருக்கிப் பார். பூச்சு இல்லாத முகத்தைக் கண்டால் அதற்குப் பெருக்கத் தோன்றாது. எண்ண முடியவில்லை என்று விட்டுவிடும். அன்று காலை தவமணி கல்யாணத்துக்குப் பூசிய பவுடரோடு வந்திருந்தாள். மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. கொடுத்த பாடத்தை நன்றாகப் படித்திருந்தது.

குழாயடிக்குப் போய் முகத்தை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பவுடர் இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. வந்து வாசலில் நடந்தேன். மஞ்சள். திரும்பிப் போய் மறுபடி நடந்தேன். நாலு முறையும் மஞ்சள்.

"சார்," என்றாள் புஷ்பலீலா. சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "கட்டத்தில நில்லுங்க. நான் எழுதணும்."

நின்றேன். உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னைத் தெரிந்தவர்கள்கூட முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரித்திருந்த என் கையைப் பார்த்தார்கள்.

அன்று மாலை வேலை முடிந்து வெளியே வந்த தவமணியிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் சிரித்தாள்.

"பவுடரா? அப்ப அத்தப் பூசிக்கினு வந்தா உட்டுருமா?"

"விட்டுடும். ஆனா..."

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்ல. பூசிக்குங்க."

இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒரு பவுடர் டப்பாவும் உடைந்த கண்ணாடித் துண்டும் நிரந்தரமாக இருந்தன. மூட்டை ஏற்றும் ஆட்கள் முகத்தில் அப்பிக்கொண்டு வந்தார்கள். "மாப்ளைக்குப் பொண்ணு எந்த ஊரு?" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். ஆனால் அது மே மாதம். ஒன்றரை கிலோமீட்டர் நடப்பதற்குள் வியர்வையில் பவுடர் கோடுகோடாக வழிந்துவிடும். அப்படி வழிந்த இரண்டு நாட்களில் தவமணிக்கு மஞ்சள் விழுந்தது. இருபத்துநாலு.

அதற்குப் பிறகு அவள் டப்பாவைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். வாசலுக்கு வெளியே நின்று, முந்தானையால் முகத்தை ஒற்றி, பவுடரை அடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே வருவாள். ஒருநாள் கேப்டனிடமும் டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கி, அதன் மேலிருந்த வெளுத்த பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்," என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். "பதினொரு நாட்டில் இப்படி நின்றிருக்கிறேன். எங்கேயும் முகத்தை மாற்றிக்கொண்டு நின்றதில்லை."

சொன்னேன். "கப்பல் மாதிரி விமானத்த ஓட்டறவரு. அவரு நின்னுக்கலாம்," என்றாள் தவமணி. "என்னால முடியாது."

நான் "ஆனா" என்று நிறுத்திய இடம் அடுத்த வாரமே வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மாதங்கி அழைத்தார். தென்னிந்தியாவில் உள்ள எங்கள் வாசல்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"உலகநாதன், கிராஃப் பாத்தீங்களா? உங்க வாசல்ல மஞ்சள் பாதியாக் குறைஞ்சிருக்கு. மூணு வாரத்துல தணிக்கை. இப்படியே போனா ரயில்வே ஸ்டேஷன்களுக்கும் நம்ம வாசல்தான்."

"மேடம், அது குறையல. பூசி மறைச்சிருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று டப்பாக்களையும் என் குரலையும் சேர்த்தே சொன்னேன்.

"அந்தப் பதிவெல்லாம் நானும் பாத்தேன்," என்றார். "எனக்குத் தோணவே இல்ல. எங்க வீட்லயும் ஃபோட்டோன்னா அப்படித்தானே."

"மறுபடி எடுக்கணும் மேடம். வெறும் முகத்தோட."

"ரெண்டு நாள் தர்றேன். வாசல்ல இருக்கற அதே கேமராவ எடுத்து வெச்சுக்குங்க. ஆனா விதி தெரியும்ல? இயல்பா இருக்கற முகம் எப்படி இருக்கும்னுதான் அதுக்குக் கத்துக் குடுக்கறோம். தொண்ணூறுக்கு மேல நாடி போனா அந்தப் பதிவ நீக்கிடணும்."

பணியாளர் உணவகத்தின் ஓரத்தில் திரை கட்டினேன். வாசலின் கேமராக்களில் ஒன்றைக் கழற்றி முக்காலியில் பொருத்தினேன். வாளியில் தண்ணீர், சோப்பு, புதுத் துண்டுகள். முதல் நாள் காலை பதினொரு மணி வரை ஒருவரும் வரவில்லை. எதிர் மேசைகளில் எல்லோரும் பவுடர் முகத்தோடு டீ குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவமணியிடம் போனேன்.

"கழுவிட்டு அந்தக் கேமரா முன்னாடி நிக்கச் சொல்றீங்க. எனக்கு இருபத்துநாலு ஆயிடுச்சு சார்."

"இதுல விளக்கே கிடையாது. எதுலயும் பதிவாகாது. சத்தியமா."

"போன தடவையும் நம்பித்தானே ஆயிரத்து இருநூறு பேரு வந்தாங்க. பிரியாணி தின்னுட்டுப் போனாங்க."

"நான் வெச்ச டப்பாதான் உங்கள நிறுத்திச்சு. அத எடுக்கறதுக்கு எனக்கு உங்க முகம் வேணும்," என்றேன். "வேற வழி இருந்தா கேக்க மாட்டேன்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். எழுந்துபோய் வாளியில் முகத்தைக் கழுவினாள். அவள் கழுவியதைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் எழுந்தார்கள்.

கேமரா எண்ணுவது சரியா என்று பார்க்க, விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்றும் வைத்திருந்தேன். மருத்துவமனைகளில் மாட்டுவார்களே, அதுதான். திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தவமணியின் விரலில் எழுபத்துநாலு. உள்ளே வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள். எண் ஏற ஆரம்பித்தது. தொண்ணூறு. நூற்றைந்து. நூற்றுப் பதினெட்டு.

"பயப்படாதீங்க. இது ஒண்ணும் பண்ணாது."

"பயப்படல சார். பவுடர் இருந்தா அடங்கிக் கெடக்குது, வெறும் மூஞ்சின்னா அதுவா அடிக்குது."

திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகைக் காட்டியதும் நிமிடத்தில் எண்பதுக்கு இறங்கியது. மறுபடி திரும்பினாள். நூற்றுப் பதினைந்து. டீ வாங்கிக் கொடுத்தேன், உட்கார வைத்தேன், அவள் அக்கா மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச வைத்தேன். சிரித்துக்கொண்டே பேசினாள். நூற்றுப் பன்னிரண்டு.

எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. அறுபது கிலோ மூட்டையைத் தூக்கிப் படியேறினாலும் மூச்சு வாங்காத ஆளுக்கு, சும்மா நிற்கும்போது நூற்றிருபது. மாலையில் கேப்டன் வந்தார். விரலை நீட்டிவிட்டுக் கேமராவைப் பார்த்தார். நூற்று நாலு. அவரும் அந்த எண்ணைப் பார்த்தார்.

"சென்ற மாதம் வங்காள விரிகுடாவில் மின்னல் தாக்கி ஒரு எஞ்சின் நின்றது," என்றார். "அப்போது என் கைக்கடிகாரம் எண்பத்தாறு காட்டியது."

பிறகு விரலிலிருந்து கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மாலை முந்நூற்று நாற்பது முகங்கள் சேர்ந்திருந்தன. தொண்ணூறுக்குக் கீழே இருந்தவை ஒன்பது. அந்த ஒன்பது பேரும் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். விதிப்படி மற்றதையெல்லாம் நீக்கினால் மிஞ்சுவது ஒன்பது முகம். அதை வைத்துக்கொண்டு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. வாசல் பழையபடி பவுடரைத் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

புஷ்பலீலா வேலை முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னவாக்கும் யோசிக்கிறிய?"

திரையைக் காட்டினேன். ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. இயல்பு, இயல்பு இல்லை. இரண்டில் ஒன்றை நான் அழுத்த வேண்டும்.

"நூத்துப் பதினெட்டுக்கு 'இயல்பு'ன்னு அழுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"இந்த மாதிரி முகத்துல நாடி நூத்துப் பதினெட்டு இருந்தா அது சாதாரணம்னு மெஷின் கத்துக்கும். நூத்திருபது, நூத்தி முப்பது வந்தாலும் பச்சைதான் போடும். அதுக்கப்புறம் அதால யாரையும் பயந்தவன்னு சொல்ல முடியாது. சும்மா ஒரு கதவு."

"ரெண்டு வருஷமா மஞ்சள்ல நின்னவங்களத் தடவிப் பாத்திருக்கேன். என்ன கெடச்சுதுன்னு தெரியுமா? ஒரு கத்தரிக்கோல். அதும் தையல்காரிக்க பையில. எக்ஸ்ரே மெஷின் அதுக்கு முன்னயே காட்டிட்டு." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "பைக்கு எக்ஸ்ரே இருக்கு, இரும்புக்கு வேற வாசல் இருக்கு. நீங்க எத வேணும்னாலும் அழுத்துங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். நாளைக்கு அந்தக் கேமராக்க முன்ன அவங்க நின்னா எத்தன அடிக்கும்?"

"இதேதான்."

"அடுத்த மாசம்?"

"இதேதான்."

"அப்ப இயல்பு வேற என்ன?"

அவள் போன பிறகு முந்நூற்று நாற்பது பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். மொத்தமாக அழுத்த ஒரு வழி இருந்தது. அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, இயல்பு, இயல்பு என்று அழுத்திக்கொண்டே வந்தேன். விதிக்கு விரோதம்தான். பொய் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாதங்கி அழைத்தார்.

"சராசரி நூத்தியெட்டு வருது உலகநாதன். கேமராவுல ஏதாவது கோளாறா?"

"இல்ல மேடம். விரல்லயும் வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ஆளுங்க?"

"அவங்களும் இயல்பாத்தான் இருந்தாங்க. நம்ம வாசல் முன்னாடி அவங்க எப்படி இருப்பாங்களோ அப்படி."

நான் செய்தது அவருக்குப் புரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. என்னைவிட இந்த இயந்திரத்தை நன்றாகத் தெரிந்தவர் அவர்.

"எழுத்துல 'இயல்பு'ன்னுதான் குடுத்திருக்கீங்களா?"

"ஆமா."

"கையெழுத்து உங்களோடது."

"என்னோடதுதான்."

"சரி. ஞாயிற்றுக்கிழமை வாசல்ல ஏத்திடறேன்," என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து கோடை மழை. ஐந்தே முக்காலுக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலில் நடந்தேன். பச்சை. மறுபடி நடந்தேன். பச்சை. அது எனக்கு எதையும் நிரூபிக்கவில்லை. நான் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு முறை நின்றவன். என் நாடி எண்பதுதான்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு தவமணி வந்தாள். குடை காற்றில் திரும்பி ஒடிந்துபோயிருந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். முகத்தில் பவுடர் ஒரு துளி இல்லை. பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். கவிழ்த்துத் தட்டினாள். உள்ளே தண்ணீர் போய்க் களியாகியிருந்தது.

வாசலுக்கு இரண்டடி வெளியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் பெரிய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாங்க," என்றேன்.

"உள்ள வந்தா இருபத்தஞ்சு."

"வெளியவே நின்னா ஆப்சென்ட். வாங்க."

"நெஞ்சு அடிக்குது சார். எனக்கே கேக்குது."

"அடிக்கட்டும். அப்படியே வாங்க."

ஆறு ஐம்பத்தாறு. புஷ்பலீலா பதிவேட்டைத் திறக்காமல் இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவமணி டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையைப் பிழிந்து முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பத்தடியையும் கண்ணை நேராக வைத்துக்கொண்டு நடந்தாள். என் கையிலிருந்த சின்னத் திரையில் அவளுடைய நாடி ஏறிக்கொண்டே போனது. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினாறு. கடைசி அடியில் நூற்றிருபத்தொன்று.

பச்சை எரிந்தது.

அவள் நம்பவில்லை. விளக்கைப் பார்த்தாள், மேலே கேமராவைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நனைந்துகொண்டு வந்த மூட்டைக்காரர்கள் மூன்று பேருக்கும் வரிசையாகப் பச்சை எரிந்தது. அதையும் பார்த்தாள்.

"ரிப்பேரா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

விளக்கிச் சொல்ல நிறைய இருந்தது. நேரம் மூன்று நிமிடம்தான் இருந்தது.

"ஆமா," என்றேன்.

"அப்ப சரி பண்ணிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, ஈரச் செருப்பு வழுக்கிவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல் வைக்க ஓடினாள்.